மூன்றாண்டு ஞாயிறுகள்

மாந்தருள் சிலர்க்கே எழுதத்தக்க வரலாறு அமைகின்றது. எண்களின் நிலையும் அதுவே. எண்ணிலடங்கா எண்கள் பெயரும் கதையும் இன்றிக் கிடக்க, ஒரு சில மட்டும் அறிஞர் பலருடைய உறக்கத்தைக் கெடுத்து, அவர்தம் வாழ்நாளோடு பின்னிக்கொண்டு, நூல்களில் நிலைத்த இடம் பெற்றுவிடுகின்றன. 147573952589676412927 என்பது அத்தகைய ஓர் எண். இருபத்தோர் இலக்கங்களை உடைய இதனைத் தமிழ் வழக்கில் வாய்விட்டுப் படிப்பதே ஒரு பயிற்சியாகும். பதினான்கு இலட்சத்து எழுபத்தையாயிரத்து எழுநூற்று முப்பத்தொன்பது கோடி கோடி. அதன்மேல் ஐம்பத்திரண்டு இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு கோடி. அதன்மேலும் அறுபத்து நான்கு இலட்சத்துப் பன்னீராயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. மூச்சு முட்டாமல் இதனைச் சொல்லி முடிப்போர் சிலரே.

ஆயினும் இவ்வெண்ணின் பிறப்பு மிக எளியது. 2 என்னும் எண்ணை அறுபத்தேழு முறை எழுதி, அவற்றை ஒன்றோடொன்று பெருக்கி, வரும் தொகையில் 1-ஐக் கழித்தால் இது கிடைக்கும். சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என இரட்டித்துக்கொண்டே செல்லுமாறு அரசனிடம் பரிசு வேண்டிய அறிஞனின் கதையைக் கேளாத மாணவர் இலர். அப்பலகையின் கட்டங்கள் 64. இன்னும் மூன்று கட்டங்கள் கூடுதலாக இருந்திருப்பின், அரசன் அளக்க வேண்டிய தானியங்களின் தொகை சரியாக இவ்வெண்ணே ஆகியிருக்கும்.

ஹனோய்க் கோபுரம் என்னும் விளையாட்டிலும் இவ்வெண்ணைக் காணலாம். மூன்று முளைகளுள் ஒன்றில், பெரியது கீழும் சிறியது மேலுமாக வட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு முறைக்கு ஒரு வட்டினை மட்டும் எடுத்து, சிறியதன்மேல் பெரியதை வையாமல், அடுக்கு முழுவதையும் வேறொரு முளைக்கு மாற்றுதல் வேண்டும். மூன்று வட்டுகளுக்குக் குறைந்தது 7 நகர்த்தல்கள் வேண்டும். நான்கு வட்டுகளுக்கு 15. அறுபத்தேழு வட்டுகளுக்கு வேண்டிய நகர்த்தல்களின் எண்ணிக்கையே 147573952589676412927. நொடிக்கு ஒரு வட்டினை நகர்த்தினாலும், அவ்வாட்டம் முடிய நான்கரை இலட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவ்விளையாட்டை 1883-ஆம் ஆண்டில் உலகிற்கு அளித்தவர் எடுவார் லூக்கா என்னும் பிரெஞ்சு நாட்டுக் கணித ஆசிரியர். அவர் பெயரை மாணவர் நினைவில் வைத்துக்கொள்வது நலம். விளையாட்டுக்காக அன்றி வேறொரு காரணத்திற்காக அவர் இவ்வரலாற்றில் மீண்டும் வருவார்.

ஓர் எண்ணைக் கண்டவுடன் கணித அறிஞர் உள்ளத்தில் எழும் முதல் வினா, அது பகா எண்ணா, பகு எண்ணா என்பதே. 1-ஐவிடப் பெரிய எண்களுள், 1-ஆலும் தன்னாலும் அன்றிப் பிற எவ்வெண்ணாலும் மீதியின்றி வகுபடாதது பகா எண். வகுபடுவது பகு எண். 7, 13, 31 என்பன பகா எண்கள். 15 பகு எண். அது 3, 5 ஆகியவற்றின் பெருக்கமன்றோ? சுவர் செங்கற்களால் ஆவது போலப் பகு எண்கள் யாவும் பகா எண்களின் பெருக்கத்தால் ஆகின்றன. அதுவும் ஒரே ஒரு வகையில்தான் ஆகின்றன. 3, 5 ஆகியவற்றை விடுத்து வேறு பகா எண்களைக் கொண்டு 15-ஐக் கட்ட எவராலும் இயலாது. ஆதலின், ஓர் எண்ணின் பகாக் காரணிகளை அறிதல் அவ்வெண்ணின் அமைப்பையே அறிதலாகும்.

2-இன் அடுக்குகளிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்கள் பழங்காலந் தொட்டே அறிஞரைக் கவர்ந்தவை. 2-இன் இரண்டாம் அடுக்கு 4. ஒன்றைக் கழித்தால் 3. மூன்றாம் அடுக்கு 7-ஐயும், ஐந்தாம் அடுக்கு 31-ஐயும், ஏழாம் அடுக்கு 127-ஐயும் இவ்வாறே தருகின்றன. இவை யாவும் பகா எண்கள். இவற்றால் பயன் என்னை என்று வினவலாம். கிறித்து பிறப்பதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த யூக்ளிடு என்னும் கிரேக்க அறிஞர் அதற்கு விடை கூறியிருக்கின்றார். 6-ஐ மீதியின்றி வகுக்கும் சிறிய எண்களான 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் மீண்டும் 6 வருகின்றது. 28-ஐ வகுக்கும் 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28 வருகின்றது. குறைவும் மிகுதியும் அற்ற இத்தகைய எண்களை நிறை எண்கள் என்பர். மேற்கூறிய வகையில் பகா எண் ஒன்று கிடைக்குமாயின், அதனைக் கொண்டு ஒரு நிறை எண்ணைப் படைக்கலாம் என்று யூக்ளிடு மெய்ப்பித்தார். 3-ஐ 2-ஆல் பெருக்க 6. 7-ஐ 4-ஆல் பெருக்க 28. 31-ஐ 16-ஆல் பெருக்க 496. 127-ஐ 64-ஆல் பெருக்க 8128. 67-ஆம் அடுக்கு தரும் நம் எண்ணும் பகா எண்ணாக அமையுமாயின், உலகிற்கு மற்றொரு நிறை எண் கிடைத்துவிடும். பகா எண் அன்றெனின், அந்த ஆசை வீணாகும்.

அடுக்கைக் குறிக்கும் எண் பகு எண்ணாயின், வரும் எண்ணும் பகு எண்ணே ஆகும். நான்காம் அடுக்கு 15-ஐயும், ஆறாம் அடுக்கு 63-ஐயும், ஒன்பதாம் அடுக்கு 511-ஐயும் தருகின்றன. 511 என்பது 7-ஐ 73-ஆல் பெருக்கி வருவது. இதிலிருந்து, அடுக்கெண் பகா எண்ணாயின் வருவதும் பகா எண்ணே என்று முடிவு செய்யத் தோன்றும். பண்டையோர் சிலர் அவ்வாறே எண்ணினர். ஆனால், 1536-ஆம் ஆண்டில் ரெஜியஸ் என்பார் பதினோராம் அடுக்கு தரும் 2047 என்னும் எண்ணைப் பிளந்து, அது 23, 89 ஆகியவற்றின் பெருக்கம் எனக் காட்டினார். அன்று முதல், ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே ஆராய்தல் இன்றியமையாததாயிற்று. 67 பகா எண்தான். ஆயினும் அஃது ஒன்று கொண்டே யாதும் துணிதற்கு இல்லை.

இந்நிலையில்தான் மெர்சென் என்னும் துறவி வருகின்றார். 1588-இல் பிரான்சு நாட்டில் பிறந்த அவர், அறிவியல் இதழ்கள் தோன்றாத அக்காலத்தில், ஐரோப்பிய அறிஞர்களுக்கிடையே ஓர் அஞ்சல் நிலையம் போல விளங்கினார். பெர்மா, தெகார்த்து முதலிய பேரறிஞர் தாம் கண்டவற்றை அவருக்கு எழுதுவர். அவர் அவற்றைப் பிறர்க்கு எழுதுவார். 1644-இல் வெளியிட்ட நூல் ஒன்றின் முன்னுரையில் அவர் துணிவான ஒரு பட்டியலைத் தந்தார். 257 வரையிலான அடுக்குகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்று மட்டுமே பகா எண்களைத் தரும் என்பது அவர் கூற்று. அதனை எவ்வாறு கண்டார் என்று கூறினாரல்லர். பதினைந்து இருபது இலக்கங்கள் கொண்ட ஓர் எண் பகா எண்ணா அன்றா எனச் சோதிக்க எல்லாக் காலமும் போதாது என்று எழுதியவரும் அவரே. சோதித்தல் அரிது என அறிந்திருந்தும் பட்டியலைத் துணிந்து வெளியிட்டது வியப்புக்குரியதே. எனினும் அத்துணிவைப் பழித்தல் தகாது. அப்பட்டியல் முந்நூறு ஆண்டுகள் கணித உலகிற்கு வேலை கொடுத்தது. 1947-ஆம் ஆண்டளவில்தான் அதன் பிழைகள் முழுதும் திருத்தப்பெற்றன. அவற்றுள் 67, 257 ஆகிய இரண்டும் தவறாக நுழைந்தவை. 61, 89, 107 ஆகிய மூன்றும் தவறாக விடுபட்டவை. 61 என்று இருக்க வேண்டியதே அச்சில் 67 என மாறிற்றோ என ஐயுற்றாரும் உளர்.

மெர்சென் கூறியது உண்மையா என அறிய வழி என்ன? சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தல் எல்லார்க்கும் தெரிந்த வழி. ஓர் எண்ணின் வர்க்கமூலம் வரையில் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால், இருபத்தோர் இலக்க எண்ணின் வர்க்கமூலம் 1,214 கோடியைத் தாண்டுகின்றது. அத்தனை பகா எண்களையும் கைக்கணக்கால் சோதிக்க எவர் முயன்றாலும் அவர் ஆயுள் போதாது. 31-ஆம் அடுக்கு தரும் 2147483647 என்னும் பத்திலக்க எண் பகா எண்ணே என்பதை 1772-இல் ஆய்லர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு மேதை நிறுவினார். அதற்கு அடுத்து நின்ற 67 எவர்க்கும் பிடிகொடாமல் நின்றது.

1876-ஆம் ஆண்டில் லூக்கா புதியதொரு வழியைக் கண்டார். எண்ணை வகுத்துப் பாராமலே, அது பகா எண்ணா அன்றா எனக் கூறும் வழி அது. பின்னாளில், 1930-இல், லெஹ்மர் என்பார் அதனை மேலும் எளிமையாக்கினார். எளிய அவ்வடிவம் வருமாறு: 4-இல் தொடங்குக. அதன் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழிக்க. வருவதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் கொள்க. அம்மீதியின் வர்க்கத்திலிருந்து மீண்டும் 2-ஐக் கழிக்க, மீண்டும் வகுக்க. அடுக்கெண்ணைவிட இரண்டு குறைவான முறைகள் இவ்வாறு செய்தபின் மீதி இல்லை எனின், அது பகா எண். ஏதேனும் மீதி இருப்பின், அது பகு எண். ஐந்தாம் அடுக்கு தரும் 31-ஐச் சோதிப்போமாயின், மூன்று முறை செய்தல் வேண்டும். 4-இன் வர்க்கம் 16. இரண்டைக் கழிக்க 14. 14-இன் வர்க்கம் 196. இரண்டைக் கழிக்க 194. 31-ஆல் வகுக்க மீதி 8. 8-இன் வர்க்கம் 64. இரண்டைக் கழிக்க 62. அது 31-ஆல் மீதியின்றி வகுபடுகின்றது. ஆகவே 31 பகா எண். 2047-ஐ இவ்வாறே ஒன்பது முறை சோதித்தால் இறுதியில் 1736 மீதியாக நிற்கும். ஆகவே அது பகு எண். பொறுமை உள்ள மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம்.

இவ்வகைச் சோதனையால் 127-ஆம் அடுக்கு தரும் முப்பத்தொன்பது இலக்க எண் பகா எண்ணே என்று லூக்கா நிறுவினார். 67-ஆம் அடுக்கு தரும் எண்ணோ பகு எண் என்று அவருக்கு விடை கிடைத்தது. மெர்சென் பட்டியலில் ஒரு பிழை வெளிப்பட்டது. நிறை எண் ஒன்று கிட்டும் என்ற ஆசையும் போயிற்று.

ஆனால், விந்தை இங்கேதான் தொடங்குகின்றது. அவ்வெண் இரண்டாகவோ பலவாகவோ பிளவுபடும் என்பது உறுதியாயிற்று. எவ்வெண்களாகப் பிளவுபடும் என்பது மட்டும் எவர்க்கும் தெரியவில்லை. பூட்டிய பெட்டியை அசைத்து, உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளன என ஒலியால் அறிதல் கூடும். அவை எவை என அறியப் பெட்டியைத் திறத்தல் வேண்டும். லூக்கா பெட்டியை அசைத்துக் காட்டினார். திறவுகோல் அவரிடம் இல்லை. பகு எண் என்று சொல்வோரிடம், காரணி எங்கே என்று பாமரன் ஒருவன் கேட்டால் காட்டுதற்கு ஒன்றும் இல்லாத நிலை இருபத்தேழு ஆண்டுகள் நீடித்தது.

அதனைத் திறந்தவர் பிராங்க் நெல்சன் கோல் என்னும் அமெரிக்கர். 1861-இல் மாசசூசெட்சு மாநிலத்தில் பிறந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் கற்று, செருமனி சென்று கிளைன் என்னும் பேராசிரியரிடமும் பயின்றவர். 1895 முதல் நியூயார்க்கு நகரிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். அதனோடு, அமெரிக்கக் கணிதக் கழகத்தின் செயலாளர் பொறுப்பை 1896 முதல் 1920 வரை தாங்கினார். அக்கழகத்தின் இதழையும் ஏறத்தாழ அக்காலம் முழுவதும் பதிப்பித்தார். பிறர் எழுதியவற்றைப் படித்துத் திருத்தி அச்சேற்றுவதிலும், கூட்டங்களை நடத்துவதிலும், கடிதங்களுக்கு விடை எழுதுவதிலும் கழிந்தது அவர் வாழ்வு. இத்தகையவர்க்குத் தம் ஆராய்ச்சிக்கென எஞ்சும் நேரம் எவ்வளவு இருந்திருக்கும்?

கோல் குருட்டுத்தனமாக வகுத்துப் பார்த்தாரல்லர். எண்கோட்பாடு அவருக்குச் சில வாயில்களைக் காட்டியது. 67-ஆம் அடுக்கு தரும் எண்ணுக்குப் பகாக் காரணி எதுவாயினும், அதனை 134-ஆல் வகுத்தால் மீதி 1 ஆதல் வேண்டும் என்பது முன்னரே அறிந்த உண்மை. 2047-இன் காரணிகளை நோக்கினால் இதன் பொருள் விளங்கும். அங்கு அடுக்கெண் 11. அதன் இருமடங்கு 22. காரணிகளான 23, 89 ஆகிய இரண்டும் 22-ஆல் வகுக்க மீதி 1 தருவன. ஆகவே, 134-இன் மடங்குகளுக்கு அடுத்து நிற்கும் எண்களை மட்டும் நோக்கினால் போதும்.

மற்றொரு வாயில் வர்க்க மீதிகளால் அமைவது. 2-இன் முப்பத்து நான்காம் அடுக்கை வர்க்கப்படுத்தினால் 2-இன் அறுபத்தெட்டாம் அடுக்கு வரும். அது 147573952589676412927-இன் இருமடங்கைவிட இரண்டே அதிகம். அதாவது, ஒரு வர்க்க எண்ணை இவ்வெண்ணால் வகுக்க 2 என்னும் சிறிய மீதி நிற்கின்றது. இச்சிறு செய்தியிலிருந்து, இதன் பகாக் காரணிகளை 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மட்டுமே மீதியாதல் கூடும் என்பது பெறப்படும். ஐயத்திற்குரிய எண்களில் பாதி இதனால் ஒழிந்தன. இவ்வாறு வேறு வர்க்கங்களைத் தேடி, சிறிய மீதிகள் பலவற்றைக் கண்டுகொண்டால், ஒவ்வொன்றும் எஞ்சியவற்றில் ஏறக்குறையப் பாதியை ஒழிக்கும். கோல் கையாண்ட முறைக்கு இத்தகைய மீதிகளே அடிப்படை. சல்லடைமேல் சல்லடை வைத்துச் சலிப்பது போன்றது இவ்வேலை. எனினும் சல்லடைகளைப் பின்னுவதும் கையால், சலிப்பதும் கையால். இடையே ஓர் இலக்கம் பிழைத்தால், உண்மையான காரணி உமியோடு உமியாய்ப் போய்விடும். பிழை நேர்ந்தது என அறிவிப்பாரும் இலர்.

கோல் கண்ட காரணிகள் இரண்டு. ஒன்று 193707721, மற்றொன்று 761838257287. இவ்விரண்டும் பகா எண்களே. சிறியதையே நோக்குக. அது பத்தொன்பது கோடியைத் தாண்டி நிற்கின்றது. 134-இன் மடங்குகளை வரிசையாக எண்ணிச் சென்றால், 14,45,580-ஆவது மடங்கிற்கு அடுத்து நிற்பது இது. 8-ஆல் வகுத்து ஒழித்தபின் எஞ்சும் பகா எண்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சோதித்திருந்தாலும், ஏறத்தாழ எண்பதாயிரம் பெரு வகுத்தல்களைச் செய்தபின்னரே இதனை அடைந்திருக்கக் கூடும். நாளொன்றுக்கு ஐம்பது வகுத்தல் எனினும் நான்காண்டுகளுக்கு மேல் ஆகும். அத்துணை மறைவிடத்தில் இருந்தது அந்தக் காரணி.

1903-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள், நியூயார்க்கில் கூடிய கணிதக் கழகக் கூட்டத்தில் கோல் தம் முடிவை வெளியிட்டார். பெரிய எண்களின் காரணிகளைக் காணுதல் பற்றியது அவர் கட்டுரை. அக்கூட்டத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. எரிக் டெம்பிள் பெல் என்னும் கணித எழுத்தாளர் அரை நூற்றாண்டுக்குப் பின் எழுதியது அது. கோல் இயல்பாகவே மிகுதியும் பேசாதவர். தம் முறை வந்ததும் அவர் எழுந்து கரும்பலகையை அடைந்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து, 2-இன் அறுபத்தேழாம் அடுக்கைக் கணக்கிட்டு எழுதினார். அதிலிருந்து 1-ஐக் கழித்தார். பின்பு பலகையின் வெறும் இடத்திற்கு நகர்ந்து, இரண்டு எண்களை எழுதி, நீண்ட பெருக்கலை வரிவரியாகச் செய்தார். இரு விடைகளும் ஒன்றாயிருந்தன. வாய் திறவாமலே தம் இருக்கைக்குத் திரும்பினார். கூடியிருந்தோர் கைதட்டி ஆரவாரித்தனர். வினா எழுப்பியவர் ஒருவரும் இலர். வினவுதற்கு என்ன இருந்தது?

இவ்வளவு காலத்தை எத்தனை நாள் உழைத்துப் பெற்றீர் என்று பெல் 1911-இல் கோலிடம் கேட்டாராம். மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்பது கோல் கூறிய விடை. பெல் கதைச் சுவை கூட்டி எழுதுவதில் வல்லவர்; ஆதலின், அன்று நிகழ்ந்தவை யாவும் அவர் எழுதியவாறே நிகழ்ந்தனவா என ஐயுறுதல் தவறன்று. எனினும், ஞாயிற்றுக்கிழமைகள் பற்றிய செய்தி பொருத்தமாகவே தோன்றுகின்றது. ஆறு நாள் கழகத்திற்கும் கல்லூரிக்கும் உரியவராய் இருந்தவர்க்கு ஏழாம் நாள் ஒன்றே தமக்குரியது. மூன்றாண்டுகளில் ஞாயிறுகள் நூற்றைம்பத்தாறு. எல்லாக் காலமும் போதாது என்று மெர்சென் கருதிய வேலை, நூற்றைம்பத்தாறு ஓய்வு நாட்களில் முடிந்தது என்றால், அஃது உழைப்பின் வெற்றி மட்டும் அன்று. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எண்கோட்பாடு பெற்ற வளர்ச்சியின் வெற்றியும் ஆகும்.

கதை எவ்வாறாயினும், பெருக்கல் பொய் கூறாது. அதனைச் சரிபார்க்கப் பெல்லின் நூலும் வேண்டா. கோலின் சான்றும் வேண்டா. அரைத்தாள் காகிதமும் அரைமணி நேரமும் போதும். 761838257287-ஐ 193707721-ஆல் பெருக்குவோர்க்கு ஓர் எளிமையும் உண்டு. பெருக்கும் எண்ணில் 7 என்னும் இலக்கம் மும்முறை வருகின்றது. அவ்வரியை ஒரு முறை கணக்கிட்டு, இடம் மாற்றி மும்முறை எழுதிக்கொள்ளலாம். 1 இருமுறை வருகின்றது. அதற்குக் கணக்கே வேண்டா. 0 வரும் இடத்தைத் தாண்டிச் செல்லலாம். முடிவில் ஒன்பதை நீக்கும் பழைய சோதனையையும் செய்து பார்க்கலாம். முதற் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 64. ஒன்பதுகளை நீக்க 1. இரண்டாவதன் இலக்கக் கூட்டுத்தொகை 37. ஒன்பதுகளை நீக்க 1. விடையின் இலக்கக் கூட்டுத்தொகை 109. ஒன்பதுகளை நீக்க அதுவும் 1. காண்பதற்கு மூன்றாண்டுகள் வேண்டியிருந்த ஒன்றைச் சரிபார்க்க அரைமணி போதும் என்பது எண்ணுந்தோறும் வியப்பைத் தருவது. பிரித்தல் அரிது, சேர்த்தல் எளிது.

இந்த ஏற்றத்தாழ்வு பின்னாளில் பெரும் பயன் தந்தது. 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் என்னும் மூவர், செய்திகளை மறைத்து அனுப்பும் முறை ஒன்றை இதன்மேல் அமைத்தனர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி, விடையை உலகறிய வெளியிடலாம். காரணிகளை அறிந்தவர் மட்டுமே மறைசெய்தியைப் படிக்க இயலும். அவர்கள் அறைகூவலாக அவ்வாண்டே வெளியிட்ட 129 இலக்க எண் ஒன்று, ஆயிரத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் பல மாதங்கள் உழைத்தபின் 1994-இல்தான் பிளவுபட்டது. கோல் பிளந்த எண்ணை இற்றைக் கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்திற்குள் பிளந்துவிடும்.

கோல் 1926-இல் மறைந்தார். அவர் பெயரால் கணிதக் கழகம் வழங்கும் பரிசு, இயற்கணிதத்திலும் எண்கோட்பாட்டிலும் சிறந்த ஆராய்ச்சிக்கு உரியது. அதற்கு முதற்பொருளாக அமைந்தது, நெடுங்காலத் தொண்டினின்று ஓய்வு பெற்றபோது அன்பர்கள் அவருக்கு அளித்த தொகையே. லூக்கா காட்டிய வழியும் மறையவில்லை. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் எண் பகா எண் என அறிவிக்கப்பட்டபோது, அவர் தொடங்கி லெஹ்மர் செப்பனிட்ட சோதனையே அதனை உறுதி செய்தது. அதன் இலக்கங்கள் நான்கு கோடிக்கு மேற்பட்டவை.

ஆயினும், 2-இன் 1277-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் 385 இலக்க எண் ஒன்று உண்டு. அது பகு எண் என்பதில் ஐயம் இல்லை. சோதனை அதனைத் தெளிவாகக் கூறிவிட்டது. பெரும் பெருங் கணிப்பொறிகளைக் கொண்டு பல்லாண்டுகள் தேடியும், 2024-ஆம் ஆண்டு வரையில் அதன் காரணி ஒன்றேனும் எவர் கையிலும் அகப்படவில்லை. 1876-க்கும் 1903-க்கும் இடையே 147573952589676412927 எவ்வாறு பூட்டிய பெட்டியாய் இருந்ததோ, அவ்வாறே இது அன்று இருந்தது.